பாஸ்போர்ட்டில் கண்டி என்றிருந்தால் ஊர் கண்டி அல்ல

தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். வழங்கிய இடம் ‘கண்டி’ என்றிருக்கிறது. உடனே கண்டியில் நான்கு நாளுக்கு அறை எடுத்துவிடுகிறார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்துக்குச் சொந்தம் தேடிப் போகும் குடும்பங்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். கண்டியில் இருந்தது இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம், அதாவது தூதரகக் கிளை. பதுளைக்காரருக்கும் மஸ்கெலியாக்காரருக்கும் பாஸ்போர்ட் அங்கிருந்துதான் வந்தது. போதாததற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மலைநாடு முழுவதற்குமே ‘கண்டி’ என்றுதான் பெயர். “அவங்க பாட்டன் கண்டிக்குப் போனவரு” என்று ஊரில் யாராவது சொன்னால், இலங்கையின் ஏதோ ஒரு தோட்டத்துக்குப் போனார் என்பதற்கு மேல் அதில் தகவல் கிடையாது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்த குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றிருந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று தொழிலாளர் வரிசைவீடான லயம் ஒன்றுக்குள்ளேயே கோடு விழுந்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் 1984-ல் நின்றதோடு போக்குவரத்தும் அறுந்தது. கூடலூர், கோத்தகிரி, வால்பாறை, கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் சுள்ளியா என்று இந்தப் பக்கம் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது விமானச் சீட்டு எடுக்கிறார்கள். சீட்டு எடுக்கும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பயணத்தில் பாதி அதுதான்.

தோட்டத்தின் பெயர்

ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு மலையகத்தில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. தேவைப்படுவது மூன்று: தோட்டத்தின் பெயர், அதற்குள் எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), கடிதம் போய்ச் சேரும் தபால் நிலையம் எது. ‘அட்டன்’ என்று மட்டும் தெரிந்தால் அது பல பத்துத் தோட்டங்களைக் குறிக்கும். டிவிஷன் தெரியாமல் தோட்டத்துக்குப் போனாலும் அலைச்சல்தான். மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நடுவில் ஒரு மலையே நிற்கலாம். பல தோட்டங்களைச் சேர்த்து ஒரே நிர்வாகத்தில் வைத்து ‘குரூப்’ என்று பெயரிட்ட இடங்களில், காகிதத்தில் இருப்பது குரூப்பின் பெயராகவும் பாட்டி சொல்வது உள்ளே இருக்கும் சிறு தோட்டத்தின் பெயராகவும் இருக்கும்.

இன்னொரு சிக்கல், ஒரே தோட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பெயர் இருப்பது. வெள்ளைக்காரத் துரை தன் சொந்த ஊரை நினைத்து வைத்த ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்று. நம் மக்கள் வைத்த பெயர் வேறு. அது ஆள் சேர்த்து மேற்பார்த்த பெரிய கங்காணியின் பெயராக இருக்கலாம், ஆறோ பாறையோ மரமோ ஆகவும் இருக்கலாம், ஆங்கிலப் பெயரே நாக்கில் தேய்ந்து உருமாறியதாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பம் துரைமாருக்கே இருந்ததால் அவர்கள் காலத்திலேயே தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்து வைத்தார்கள். பெர்குசனின் சிலோன் டைரக்டரி தோட்டங்களை மாவட்ட வாரியாக, உரிமையாளரும் ஏக்கர் கணக்குமாகப் பட்டியலிடுகிறது. பழைய பதிப்புகளைப் பெரிய நூலகங்களில் பார்க்கலாம். ஒலியை வைத்துத் தேடும்போது ஒரு குறிப்பு உதவும்: தமிழில் ‘கலை’ என்று முடியும் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ‘கெல்லே’, ‘கெலி’ போன்ற வடிவில் நிற்கும். தலவாக்கலை, லபுக்கலை, மவுசாக்கலை எல்லாமே இப்படித்தான்.

பெயரைப் பிடிக்க வீட்டிலேயே தேடுங்கள். நம் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட நம்பகமானது பழைய கடித உறை. அனுப்பியவர் முகவரியில் டிவிஷன், தோட்டம், தபால் நிலையம் மூன்றும் இருக்கும், மேலே தபால் முத்திரையும் இருக்கும். கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்தி உறையை எறிந்துவிட்ட வீடுகள்தான் அதிகம். ஒன்றாவது கிடைக்காதா என்று டிரங்குப் பெட்டியின் அடி வரை பாருங்கள். அடுத்தது பிறப்புச் சான்றிதழ். அதற்கடுத்து, தோட்டத்தை விட்டு விலகும்போது கொடுத்த பற்றுச்சீட்டு, சேமலாப நிதி (பி.எஃப்.) காகிதம், பள்ளி விடுகைப் பத்திரம். தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை உறவு முறைக்கு நல்ல சாட்சி, வயதுக்கு அல்ல. அதில் வயதைக் கேட்டு எழுதினார்களே தவிரப் பார்த்து எழுதவில்லை. ஐந்து வயது முன்பின் இருப்பது சகஜம். தோட்டத்துக்கு ஆள் அனுப்பியபோது அடையாளமாகக் கொடுத்த தகரத் துண்டை வைத்திருக்கும் வீடு அபூர்வம். இருந்தால் பாலீஷ் போட்டுவிடாதீர்கள். அதில் துளையிட்ட எழுத்தும் எண்ணும் எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதைக் குறிக்கும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது “எந்தத் தோட்டம்?” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ரயிலில் எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள், சாமான் வாங்க எந்த டவுனுக்குப் போவீர்கள், ஆஸ்பத்திரி எங்கே, கொழுந்து எந்த ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை) போகும், காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்றால் எந்த மலை தெரியும், கோயிலில் என்ன சாமி, கணக்கப்பிள்ளை பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் மறந்த பாட்டிக்கும் சிவனொளிபாதமலை வாசலிலிருந்து தெரிந்ததா இல்லையா என்பது மறந்திருக்காது. தெரிந்தது என்றால், அந்த ஒரு பதிலிலேயே தேடல் பெரும்பாலும் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் சுருங்கிவிடும். பதிலை அப்படியே அவர்கள் சொன்ன ஒலியில் எழுதுங்கள். நீங்களாகத் திருத்தினால் தடயம் போய்விடும்.

பதிவேடுகள்

இலங்கைப் பிறப்புச் சான்றிதழின் நகல் பத்தரமுல்லையிலுள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடமும் கிடைக்கும். பதிவு எண்ணும் தேதியும் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். தெரியாவிட்டால் பதிவேட்டைப் புரட்டித் தேட வேண்டும். ஆண்டுகளின் எல்லையை நீங்கள் சுருக்கிக் கொடுத்தால்தான் அது நடக்கும். ஆகவே அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருடைய வயதையும் வரிசையாக எழுதிப் பார்த்து, இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

கிடைக்காமல் போவதற்கு வழக்கமான காரணம் எழுத்துக்கூட்டல். கருப்பையா ஆங்கிலத்தில் ‘கே’ எழுத்திலும் தொடங்குவார், ‘சி’ எழுத்திலும் தொடங்குவார். மீனாட்சி ‘மீனாச்சி’ ஆகியிருப்பாள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்து, பெயர்க் கட்டம் காலியாக இருப்பதும் உண்டு. அதனால் பிள்ளையின் பெயரைவிடத் தகப்பன், தாய் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிடித்துத் தேடச் சொல்லுங்கள். நகல் கைக்கு வந்ததும் பாட்டன் கட்டத்தைப் பாருங்கள். 1948-ன் குடியுரிமைச் சட்டத்தில் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதே கேள்வியாக இருந்தது. அதனால் பாட்டன் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று சான்றிதழிலேயே ஒரு கட்டம் வந்தது. தேவைப்பட்டால் பூட்டன் வரைக்கும் அது போகும். நம் மக்களை நாடற்றவர்களாக்கிய அந்தக் கேள்விதான் இன்று ஒரு தலைமுறை மேலே ஏற நமக்கு ஏணியாக நிற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கட்டம் மனதைக் கனக்க வைக்கும்.

தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு) கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992-ல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்கு வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் காகிதம் குறைந்தது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் முன்கூட்டியே மேனேஜருக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, என்ன பெயர், எந்த ஆண்டு, ஏன் தேடுகிறீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். வாசலில் போய் நின்று கேட்டால் காவற்காரரைத் தாண்ட முடியாது. பொதுவான பின்னணிக்கு, கம்பளைக்கு அருகே பழைய லயத்திலேயே அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாம். பழைய மலையகப் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் இணையத்திலிருக்கும் நூலகம் தளத்தில் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம்.

ஆட்களைக் கண்டுபிடிப்பது

தோட்டம் தெரிந்தபின் ஆளைக் கேட்க வேண்டிய இடங்கள்: தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், கோயில் கமிட்டி, பள்ளி அதிபர், கிராம உத்தியோகத்தர். இந்த வரிசையிலேயே கேளுங்கள். தலைவருக்கு இன்று யார் எந்தக் காம்பிராவில் (லயத்து வீட்டறை) இருக்கிறார்கள் என்று தெரியும். கோயில் கமிட்டியிலிருக்கும் முதியவருக்கு ஐம்பது வருடத்துக்கு முன் யார் இருந்தார்கள் என்று தெரியும். தாத்தாவின் முழுப்பெயரைவிட அவருடைய பட்டப்பெயரும், யார் மகன், எந்த லயம் என்பதுமே அங்கே செல்லுபடியாகும். “இராமசாமி வீட்டு ஆளுங்க” என்றால் பத்துப் பேர் கிளம்பி வருவார்கள். “தப்பு அடிக்கிற இராமசாமி, கீழ் லயம், கங்காணி பெருமாள் தங்கச்சி வீட்டுக்காரர்” என்றால் ஒருவர்தான்.

தோட்டத்தில் ஒருவரும் இல்லை என்ற பதில் வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். 1977, 1981, 1983 வன்முறைகளுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அதே தோட்டத்திலேயே லயத்தை விட்டுத் தனிவீட்டுத் திட்டத்துக்கு மாறியிருந்தால், அந்தக் குடியிருப்புக்குப் புதிதாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தபால் முகவரியே மாறியிருக்கும். ஊரே தண்ணீருக்கடியில் இருப்பதும் உண்டு. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1969-ல் பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலின் மிச்சம் வெளியே தெரியும். பாட்டி சொல்கிற மஸ்கெலியா கடைவீதி இன்றைய டவுன் அல்ல என்பதைப் போவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

எப்போது, எப்படி

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இலங்கையின் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி வேண்டும். அரசாங்கத்தின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் அதிகக் கட்டணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி தேவை. பெயரும் பிறந்த இடமும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இலங்கையில் பிறந்த பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் தோட்டத்தின் பெயர் தவறாக இருந்தால்கூட, விண்ணப்பத்தில் அதைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் மனதுக்கு இதமான வழிதான். ஆனால் அது இறக்கிவிடுவது வட முனையில். அங்கிருந்து மலையகம் ஒரு முழு நாள் பயணம், மழைக்காலத்தில் கப்பல் சேவையும் நின்றுவிடும். வவுனியா, கிளிநொச்சிச் சொந்தங்களையும் பார்ப்பதாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். பாதை முழுவதும் திறந்திருந்தால், கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் அட்டன், தலவாக்கலை, நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை என்று இறங்கலாம். அட்டனுக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்பதிவு இருக்கைகளை, பதிவு திறந்த உடனேயே சுற்றுலாப் பயணிகள் எடுத்துவிடுகிறார்கள். பெருமழைக்குப் பின் மண்சரிவால் பாதை அடைபடும். ஆகவே சாலை வழியை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் இருந்தால் போகும்போது வேன், திரும்பும்போது ரயில் என்று வைப்பது நல்லது. போகும் அவசரத்தில் ரயில் தாமதம் தாங்காது.

பெரிய வேனைத் தோட்டத்துக்குள் ஏற்ற நினைக்காதீர்கள். டவுனில் நிறுத்திவிட்டு உள்ளூர் ஆட்டோ பிடியுங்கள். எந்த வளைவில் பள்ளம், எந்தப் பாலம் தாங்காது என்று அந்த ஆட்டோக்காரருக்குத்தான் தெரியும். ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்குப் படிக்கட்டு இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஊன்றுகோல், எல்லாருக்கும் குளிருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, அட்டைக்கடிக்கு உப்பு. பணம் ரொக்கமாக டவுனிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்குச் சரிவான அட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை. பதுளை, பசறைப் பக்கம் அக்டோபர் முதல் ஜனவரி வரை. இரண்டுக்கும் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் நல்லது. மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டமாக இருந்தால் அதற்காகவே தேதியை மாற்றலாம். வெளியே போன பிள்ளைகளெல்லாம் அப்போது திரும்பி வருவார்கள். ஒரே இடத்தில் எல்லாச் சொந்தத்தையும் பார்த்துவிடலாம். ஏப்ரலில் நுவரெலியா அறைகள் கிடைப்பது கடினம். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்று அரசு அலுவலகம் இல்லை. டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் வார இறுதிகளில் அட்டன்–மஸ்கெலியா பாதை நெரியும்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்கிறோம். வேலை நாளில் போனால் உங்களுக்காக ஒருவர் வீட்டில் நிற்பார், அன்றைக்கு அவருக்குப் பேர் விழாது, அதாவது நாட்கூலி கிடையாது. அரைநாளில் வந்தால் அரைப்பேர்தான். அதை அவர்கள் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். வேலை நாளாகத்தான் அமைகிறது என்றால் மாலை ஐந்து மணிக்குமேல் போங்கள். எட்டுப் பேரோடு காம்பிராவில் இராத்தங்கத் திட்டமிடவும் வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் முன்பக்கத் தாழ்வாரமான ஓர் இஸ்தோப்பும்தான் இருக்கும். விருந்தாளி படுக்க வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்குப் போவார். டவுனில் அறை எடுத்துக்கொண்டு பகல் முழுவதும் அவர்களோடு இருங்கள். தங்கச் சொல்லி வற்புறுத்தினால், பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ துணையாக ஒருவர் மட்டும் தங்கலாம். கோழி அடித்துச் சமைக்கக் கடன் வாங்குவார்கள் என்பது தெரிந்ததே. அதனால் டவுனிலிருந்தே அரிசி, மாவு, பருப்பு, தேங்காய் வாங்கிக்கொண்டு போய் எல்லாரும் சேர்ந்து சமையுங்கள். ரொட்டியும் சம்பலும் வேண்டுமென்று நீங்களே கேட்டால் அவர்களுக்குப் பாதி பாரம் குறையும்.

கொண்டுபோக வேண்டியவற்றில் முதல் இடம் பழைய புகைப்படங்களின் அச்சுப் பிரதிக்கு. போனில் காட்டுவது போதாது. ஆளுக்கொரு பிரதி எடுங்கள், பின்புறம் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். அங்கே அவர்களிடம் இருக்கும் படங்களை வாங்கி வராமல், பகல் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து மலையிலும் லயத்திலும் ஆட்களைப் படமெடுக்கக் கேட்டுச் செய்யுங்கள், ஸ்டோருக்குள் நுழைய ஆபீஸ் அனுமதி வேண்டும். மயானத்தில் தாத்தாவின் சமாதியைத் தேடுவதானால் வயதான உறவினர் ஒருவர் கூட வரவேண்டும். கல் வைத்தவை குறைவு. மரமோ பாறையோதான் அடையாளம், மறுநடவில் அதுவும் போயிருக்கலாம்.

கடைசியாகக் கோயில். தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட்டதும், உங்கள் குடும்பம் வீட்டில் வைத்துக் கும்பிட்ட சாமி எது, அதன் பிடிமண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியபோது குலதெய்வக் கோயில் மண்ணை முடிந்துகொண்டு வந்தவர்கள் உண்டு. சாமியின் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்து கிடைத்தால், எந்தப் பதிவேடும் தராத புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்று கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தில் நீங்களும் தோட்டத்து மண்ணை ஒரு பிடி முடிந்துவர ஆசைப்படுவீர்கள். மண், செடி, விதை எதையும் அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவர முடியாது, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கோயில் திருநீற்றை ஒரு பொட்டலமும், அந்த ஸ்டோரில் அரைத்த தேயிலைத் தூள் கிடைத்தால் ஒரு பாக்கெட்டும் வாங்கி வாருங்கள். கிளம்பும் முன், இன்றைய டிவிஷன் பெயர், லய எண், தபால் நிலையம் மூன்றையும் அவர்கள் கையாலேயே ஓர் உறையின் மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முகவரி எழுதிய இன்னொரு உறையை அவர்களிடம் கொடுங்கள்.